கேரி பேக் ரோடு ஆன கதை

பரவை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முனியம்மா ஞாபகம் வரும். மதுரைக்காரர்களுக்கு ஞாபகம் வருவது காய்கறி மார்க்கெட். திண்டுக்கல் ரோட்டில் வைகைக்கு வடக்கே இருக்கிற இந்தப் பேரூராட்சியின் மார்க்கெட்டில் லாரிகள் வந்து போனபின் தரையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். வாடிய கீரை, நசுங்கிய தக்காளி, வாழை மட்டை. இவற்றை மாடு தின்னும், மிச்சம் மட்கும். ஒன்று மட்டும் மட்காது. அது கேரி பேக். காற்றில் பறந்து வாய்க்காலில் விழும், மழை வந்தால் கண்மாய்க்குப் போகும், அங்கேயே பல வருஷம் கிடக்கும்.

இந்தப் பையை எரித்தால் புகை, புதைத்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, விட்டால் மாட்டின் வயிற்றுக்குள் போகும். வேறு என்னதான் செய்வது? இந்தக் கேள்விக்கு ஒரு விடை, பரவையிலிருந்து வைகையைத் தாண்டி நகரத்தின் தெற்குப் பக்கம் போனால் வருகிற திருப்பரங்குன்றத்தில், ஒரு பொறியியல் கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் கிடைத்தது. பிளாஸ்டிக் ரோடு என்று உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம் அதுதான். பேப்பரில் படித்தவர்களுக்கு "மதுரைப் பேராசிரியர் கண்டுபிடித்தார், பத்மஸ்ரீ வாங்கினார்" என்ற இரண்டு வரிதான் தெரியும். அந்த இரண்டு வரிக்கு நடுவில் பல வருஷ வேலை இருக்கிறது. அந்த வேலையின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

ஆராய்ச்சி இல்லாத கல்லூரிகள்

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நம் நாட்டில் பொறியியல் படிப்பு எதற்காக வந்தது? சென்னையில் 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்த சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. நிலத்தை அளக்க ஆள் வேண்டும், அதற்காக ஒரு பள்ளி. வடக்கே ரூர்க்கியில் 1847-ல் கல்லூரி வந்ததும் கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆள் வேண்டும் என்பதால்தான். அதாவது பொதுப்பணித் துறைக்கு ஆள் தயார் செய்யும் இடமாகத்தான் இந்தக் கல்லூரிகள் பிறந்தன. புதிதாக ஒன்றைக் கேள்வி கேட்டு, சோதித்து, விடை சொல்லும் வேலை அவற்றிடம் எதிர்பார்க்கப்படவில்லை.

ரோடுகளுக்கு விதிமுறை எழுத 1934-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, கிண்டியில் நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஆராய்ச்சி என்றால் இப்படிப்பட்ட பெரிய இடங்களில் நடப்பது என்றே பல காலம் நினைத்தார்கள். மாவட்டத் தலைநகரங்களில் இருந்த கல்லூரிகளில் எம்.ஈ. மாணவர் ஒருவர் ஆறு மாதம் லேபில் கியூப் உடைப்பார், அறிக்கை எழுதுவார், காலிகோ பைண்டிங் போடுவார், அது லைப்ரரி அலமாரியில் ஏறும். அதோடு கதை முடிந்தது. அடுத்த வருஷம் அதே தலைப்பில் இன்னொருவர் வருவார்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியும் இப்படி ஊருக்கு இன்ஜினியர்களை உருவாக்கித் தந்த கல்லூரிதான். மில் முதலாளியும் கல்வி வள்ளலுமான கருமுத்து தியாகராசன் செட்டியார் 1957-ல் ஆரம்பித்தது. அங்கே 1970-களில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்தவர் ஆர். வாசுதேவன். பொறியியல் கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்றால் முதல் வருஷப் பையன்களுக்குத் தண்ணீரின் கடினத்தன்மையும் துருப்பிடித்தலும் நடத்துபவர் என்றுதான் பெயர். ரோட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பெங்களூரில் ஒரு முயற்சி

1990-களின் கடைசியில் கேரி பேக் நாடு முழுவதும் பெரிய பிரச்சினையாகிவிட்டது. 1999-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்து, 20 மைக்ரானுக்குக் குறைவான பை கூடாது என்றது. பல மாநிலங்களில் பிளாஸ்டிக்கையே தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தது.

அந்தச் சமயத்தில் பெங்களூரில் ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் பை தயாரிக்கும் தொழிலில் இருந்த அகமது கான், ரசூல் கான் சகோதரர்கள் (கே.கே. பிளாஸ்டிக் வேஸ்ட் மேனேஜ்மென்ட்) கழிவுப் பைகளைப் பொடியாக்கி ரோட்டுத் தாரில் கலக்கலாம் என்று இறங்கினார்கள். பெங்களூர் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துப் பொறியியல் மையம் அதைச் சோதித்துப் பார்த்து 2002-ல் அறிக்கை கொடுத்தது. அங்கே சில ரோடுகளும் போடப்பட்டன. ஆகவே பிளாஸ்டிக்கை ரோட்டில் சேர்க்கலாம் என்று யோசித்த முதல் இடம் மதுரை என்று சொன்னால் அது சரியாகாது. மதுரை செய்தது வேறு. அது என்ன என்று தெரிய, ரோடு எப்படிக் கெடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ரோட்டின் எதிரி தண்ணீர்

தார் ரோடு என்பது நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கல். தார் (இன்ஜினியர்கள் பிட்டுமென் என்பார்கள்) வெறும் பசைதான், எடையில் சுமார் 5 சதவீதம். ஜல்லியைச் சுட வைத்து, சூடான தாரை ஊற்றிக் கலந்து, பரப்பி, ரோலர் விட்டு அமுக்கினால் ரோடு. இந்தப் பசை கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை ரோடு இருக்கும்.

பிடியை விடவைப்பது தண்ணீர். கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரைப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீர் மெதுவாக உள்ளே போய்க் கல்லுக்கும் தாருக்கும் நடுவில் புகுந்துகொள்ளும். மேலே லாரி டயர் அழுத்தும்போது அந்தத் தண்ணீரே ஆப்பு மாதிரி வேலை செய்யும். தார் உரியும், ஜல்லி பெயரும், இன்றைக்கு ஒரு சின்னக் குழி, அடுத்த வாரம் பைக்கின் முன்சக்கரம் இறங்கும் பள்ளம். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறான பிரச்சினை. தார் இளகி, சக்கரம் போகும் தடத்தில் ரோடு அமுங்கிவிடும். மதுரை மாதிரி ஊரில் வருஷத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

பெங்களூர் முறையில் பிளாஸ்டிக் தாரோடு சேர்ந்தது. இதை ஈர முறை என்பார்கள். பசையைக் கெட்டியாக்குவது அதன் நோக்கம். ஆனால் பாலித்தீன் தாரில் எளிதாகக் கரையாது. சூடு குறைந்தால் பிரிந்து மேலே மிதக்கும். அதிகம் சேர்க்கவும் முடியாது, கலக்குவதற்குத் தனி எந்திரமும் தேவை.

வாசுதேவன் வேதியியல்காரர் என்பதால் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். கல்லுக்கும் தாருக்கும்தானே சண்டை? பிளாஸ்டிக்கைத் தாரில் போடுவதற்குப் பதில் கல்லின் மேல் போட்டால் என்ன? சுமார் 165 - 170 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஜல்லியின் மேல், சில மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் துகளைத் தூவினால் அரை நிமிஷத்துக்குள் அது இளகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோல் மாதிரி படிந்துவிடும். எண்ணெய் பூசியது போல ஜல்லி பளபளக்கும். அதன் பிறகு வழக்கம்போல் சுமார் 160 டிகிரியில் தார். தாரும் பெட்ரோலியத்தில் இருந்து வந்தது, பாலித்தீனும் பெட்ரோலியத்தில் இருந்து வந்தது. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. கல்லின் நுண்துளைகளைப் பிளாஸ்டிக் அடைத்துவிடுவதால் தண்ணீருக்கு உள்ளே போக வழி இல்லை.

இதற்கு உலர் முறை என்று பெயர். தாரின் எடையில் பத்து சதவீதம், அதற்கு மேலும்கூட பிளாஸ்டிக் சேர்க்க முடிந்தது. இன்னொரு பெரிய வசதி, புதிய எந்திரம் எதுவும் வேண்டாம். ஊருக்கு ஊர் இருக்கும் சாதாரண ஹாட் மிக்ஸ் பிளாண்ட் போதும். துகளைக் கையால் தூவினாலும் வேலை நடக்கும். பஞ்சாயத்து ரோடு போடும் சின்ன கான்ட்ராக்டராலும் செய்ய முடியும் என்பதுதான் மதுரை முறையின் பலம்.

லேபில் நடக்கும் வேலை

யோசனை வந்தவுடன் ரோடு போட்டுவிட முடியாது. இங்கேதான் முதுகலை மாணவர்களும் பி.எச்டி. மாணவர்களும் செய்யும், வெளியே யாருக்கும் தெரியாத வேலை வருகிறது.

உரிதல் சோதனை என்று ஒன்று. தார் பூசிய ஜல்லியைத் தண்ணீரில் 40 டிகிரி சூட்டில் 24 மணி நேரம் ஊற வைத்து, எத்தனை சதவீதம் தார் உரிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். பிளாஸ்டிக் பூசிய ஜல்லியில் மூன்று நாள் கழித்தும் உரியவில்லை. மோதல் சோதனை என்று இன்னொன்று. ஜல்லியைச் சிலிண்டரில் போட்டு மேலிருந்து கன எடையை 15 தடவை விழ வைத்து, எவ்வளவு பொடியானது என்று சலித்து எடை போடுவது. பிளாஸ்டிக் பூசிய கல் குறைவாகவே உடைந்தது. சுமாரான தரமுள்ள கல்லும் இதனால் தேறுகிறது என்பது முக்கியமான விஷயம்.

பிறகு மார்ஷல் சோதனை. அமெரிக்காவில் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்த புரூஸ் மார்ஷல் 1930-களின் கடைசியில் உருவாக்கியது, இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளம் போட அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்டது. இன்று நம்மூர் கல்லூரி லேப் எல்லாவற்றிலும் இருக்கிறது. தார்க் கலவையை வட்டமான அச்சில் போட்டுச் சம்மட்டியால் ஒரு பக்கத்துக்கு 50 அல்லது 75 அடி அடித்து, 60 டிகிரி தண்ணீரில் போட்டு எடுத்து, எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறது என்று பார்ப்பது. பிளாஸ்டிக் அளவை மாற்றி, தாரின் அளவை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதிரி செய்ய வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரைபடத்தில் ஒரு கோடு போட எத்தனை நூறு சம்மட்டி அடி!

கெமிஸ்ட்ரி பக்கம் இன்னொரு கேள்வி இருந்தது. பிளாஸ்டிக்கைச் சுட்டால் விஷவாயு வராதா? எரிப்பது வேறு, இளக்குவது வேறு. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எடை குறைகிறதா என்று பார்க்கும் சோதனையில், ரோடு போடும் சூட்டில் பாலித்தீன், பாலிபுரோப்பிலீன் போன்றவை சிதையவில்லை, 270 டிகிரிக்கு மேல்தான் சிதைய ஆரம்பிக்கின்றன என்று தெரிந்தது. ஆனால் பி.வி.சி. இந்தக் கணக்கில் சேராது. அதில் குளோரின் இருக்கிறது, சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும். அதனால் முதல் நாளிலிருந்தே பி.வி.சி. கூடாது என்பது விதி. மதுரையில் திரும்பிய பக்கமெல்லாம் நின்ற பிளெக்ஸ் பேனர் பி.வி.சி. என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ரோடுகள்

கல்லூரிக்கு வந்த அப்துல் கலாம் இதைப் பார்த்துவிட்டு, வளாகத்திலேயே ஒரு ரோடு போட்டுப் பார்க்கும்படி ஊக்கம் கொடுத்தார் என்று வாசுதேவன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2002-ல் கல்லூரிக்குள் ரோடு போடப்பட்டது. அதே வருஷம் சென்னையில் ஜம்புலிங்கம் தெருவில். 2003-ல் ஈரோட்டில் வீரபத்திரத் தெருவில். 2004-ல் மதுரை வண்டியூர் மெயின் ரோட்டில். 2005-ல் கொலு பொம்மை செய்யும் ஊரான விளாச்சேரி ரோட்டில். 2006-ல் கல்லூரி கேன்டீன் ரோட்டில். இதற்கிடையே தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் ஊரக வளர்ச்சி முகமைகள் கிராமத்து ரோடுகளை இந்த முறையில் போட ஆரம்பித்தன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிளாஸ்டிக்கைச் சேகரித்து, வெட்டி, துகளாக விற்றார்கள். நேற்று வரை காசு கொடுத்தாலும் யாரும் வாங்காத பொருளுக்கு ஒரு கிலோ இவ்வளவு என்று விலை வந்தது.

பெரும்பாலான கண்டுபிடிப்புகளின் கதை இங்கே முடிந்துவிடும். ரிப்பன் வெட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், பேப்பரில் வரும். ரோடு ஒரே மழையில் பெயர்ந்தால் அதைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள்.

மதுரைக் குழு மீண்டும் அதே ரோடுகளுக்குப் போனது. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்காக, 2002 முதல் 2006 வரை போட்ட இந்த ரோடுகளையும், ஒப்பிடுவதற்குச் சாதாரணத் தார் ரோடு ஒன்றையும் அளந்து பார்த்தார்கள். என்னென்ன அளந்தார்கள்?

பாரம் ஏற்றிய லாரியை நிறுத்தி, பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவில் நீளமான ஒரு கோலின் முனையை வைப்பார்கள். லாரி நகர்ந்ததும், அமுங்கியிருந்த ரோடு எவ்வளவு மேலே எழும்புகிறது என்று டயல் காட்டும். மில்லிமீட்டரில் ஒரு பங்கு. 1950-களில் அமெரிக்காவில் பெங்கல்மேன் என்பவர் உருவாக்கிய கருவி இது. ரோட்டின் உடம்புக்குள் பலம் இருக்கிறதா என்று இது சொல்லிவிடும்.

மேடு பள்ளத்தை அளக்க மெர்லின். பிரிட்டிஷ் சாலை ஆராய்ச்சி நிலையம், வசதி குறைந்த நாடுகளுக்காகவே வடிவமைத்தது. முன்னால் ஒரு சைக்கிள் சக்கரம், பின்னால் ஒரு கால், நடுவில் ஓர் ஊசி. தள்ளிக்கொண்டே போய் 200 இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் சார்ட் பேப்பரில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது போலத் தெரியும்.

ரோட்டின் சொரசொரப்பை அளக்க மணல் போதும். குறிப்பிட்ட அளவு மணலை ரோட்டில் கொட்டி வட்டமாகத் தேய்த்து, வட்டத்தின் குறுக்களவை எடுக்க வேண்டும். வட்டம் பெரிதானால் ரோடு வழுவழு. வழுக்குமா என்று பார்க்க, ரப்பர் வைத்த ஊசலை நனைந்த ரோட்டில் ஆட விடுவார்கள். கடைசியாகக் கண்ணால் பார்த்து எண்ணுவது. எத்தனை குழி, எத்தனை விரிசல், ஓரம் உடைந்திருக்கிறதா, ஜல்லி பெயர்ந்திருக்கிறதா.

வண்டிகள் போய்க்கொண்டிருக்கும் ரோட்டில், வெயிலில், குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணல் தேய்க்கிற இந்த வேலையில் எந்தக் கவர்ச்சியும் இல்லை. ஆனால் பிளாஸ்டிக் ரோட்டை "நல்ல யோசனை" என்ற நிலையிலிருந்து "நம்பலாம்" என்ற நிலைக்குக் கொண்டு போனது இதுதான். பல வருஷம் ஆன பிளாஸ்டிக் ரோடுகளிலும் குழியோ, தடப்பள்ளமோ, ஜல்லி பெயர்தலோ இல்லை, சாதாரண ரோட்டைவிட நன்றாக இருக்கிறது என்று வந்த முடிவு, மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 2008-ம் ஆண்டு வெளியீட்டில் இருக்கிறது. கண்டுபிடித்தவர்களே அளந்தார்கள் என்பது இதில் ஒரு குறைதான். கணக்கு எழுதியவரே ஆடிட் செய்யக்கூடாது என்பது ரோட்டுக்கும் பொருந்தும். ஆனால் எண்கள் வெளியில் வந்துவிட்டதால் வேறு யார் வேண்டுமானாலும் போய் அளந்து பார்க்க வழி ஏற்பட்டது.

ஊரைத் தாண்டியது

2006-ல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் விலைக்குக் கேட்டும் கொடுக்காமல், அரசு இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள விட்டார் வாசுதேவன். 2012-ல் இந்த முறை பற்றிய ஆய்வுக் கட்டுரை கட்டுமானப் பொருட்களுக்கான ஒரு சர்வதேச இதழில் வந்தது. 2013-ல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் உலர் முறைக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பொறியியல் துறையில் இதுதான் உண்மையான அங்கீகாரம். நெறி வந்தால்தான் ஓர் உதவிப் பொறியாளர் பயமில்லாமல் டெண்டரில் சேர்க்க முடியும். 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தேசிய நெடுஞ்சாலைத் தார் வேலைகளில் கழிவுப் பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும் என்றது. 2018-ல் வாசுதேவனுக்கு பத்மஸ்ரீ.

வெளிநாட்டிலும் பரவியது. பிரிட்டனில் 2016-ல் தொடங்கிய மேக்ரெபர் என்ற கம்பெனியின் நிறுவனர், இந்தியாவில் பிளாஸ்டிக்கை வைத்துக் குழி அடைப்பதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று சொல்லியிருக்கிறார். நெதர்லாந்தில் ஸ்வோல்லே நகரத்தில் 2018-ல் மறுசுழற்சி பிளாஸ்டிக்கிலேயே ஒரு சைக்கிள் பாதை வைத்தார்கள். அது வேறு தொழில்நுட்பம், ஆனால் கேள்வி ஒன்றுதான். நம்மூர் கல்லூரிகளிலோ சிவில் கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்றாலே பிளாஸ்டிக் கலந்த தார், பிளாஸ்டிக் கலந்த செங்கல், பிளாஸ்டிக் கலந்த கான்கிரீட் என்று ஒரு வரிசையே வந்துவிட்டது.

வரவும் செலவும்

இப்போது கணக்கைப் பார்ப்போம். வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது. 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ரோட்டுக்கு மேல் அடுக்கு போடச் சுமார் 10 டன் தார். அதில் ஒரு டன்னுக்குப் பதில் ஒரு டன் பிளாஸ்டிக். ஒரு டன் என்பது சுமார் பத்து லட்சம் கேரி பேக். தார் விலைக்கும் துகள் விலைக்கும் உள்ள வித்தியாசம் மிச்சம். ரோடு கூடுதலாக உழைத்தால் அதுவும் மிச்சம். வரவுப் பக்கம் நன்றாக இருக்கிறது.

ஆனால் இதே கணக்கை நாட்டுக்குப் போட்டுப் பாருங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 2019-20 கணக்குப்படி இந்தியாவில் ஒரு வருஷத்தில் உண்டான பிளாஸ்டிக் கழிவு சுமார் 35 லட்சம் டன். கிலோமீட்டருக்கு ஒரு டன் என்றால் 35 லட்சம் கிலோமீட்டர் ரோடு வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருஷமும்! இந்தியாவில் இருக்கும் மொத்த ரோடே சுமார் 63 லட்சம் கிலோமீட்டர்தான். அதில் மண் ரோடும் அடக்கம். எல்லாப் பிளாஸ்டிக்கும் ரோட்டுக்கு ஆகாது என்பதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நாட்டின் குப்பை முழுவதையும் ரோடு விழுங்க முடியாது. "ரோடு போட்டுக்கொள்ளலாம், அதனால் தாராளமாகப் பை வாங்கு" என்று யாராவது சொன்னால் அது தப்பான கணக்கு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்ததும் இதனால்தான் தேவைப்பட்டது. மிஞ்சியதற்குத்தான் ரோடு.

செலவுப் பக்கத்தில் இன்னும் சில இருக்கின்றன. பிரிப்பது யார்? மார்க்கெட் குப்பையில் பாலித்தீனும் பி.வி.சி.யும் ஒன்றாகத்தான் கிடக்கும். பிரிப்பவர் கையுறை இல்லாத ஒரு தூய்மைப் பணியாளராகவோ, குப்பை பொறுக்கும் பெண்ணாகவோதான் இருப்பார். பிளாண்டில் சூடு 170 டிகிரியில் நிற்கிறதா என்று பார்ப்பது யார்? லேபில் தெர்மாமீட்டர் உண்டு, ஊர் ஓரத்துப் பிளாண்டில் பல நேரம் அனுபவம்தான் தெர்மாமீட்டர். பிறகு மைக்ரோபிளாஸ்டிக். ரோடு தேயும்போது பிளாஸ்டிக் தூளாகி வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் போகிறதா? 2002-ல் இந்தக் கேள்வியை அநேகமாக யாரும் கேட்கவில்லை. மைக்ரோபிளாஸ்டிக் என்ற சொல்லே 2004-க்குப் பிறகுதான் அறிவியல் உலகில் பரவியது. 2023-ல் உலக வங்கி வெளியிட்ட ஒரு அறிக்கையும், ரோடு போடும்போது வரும் புகை பற்றியும் மைக்ரோபிளாஸ்டிக் பற்றியும் இன்னும் ஆராய்ச்சி தேவை என்றுதான் சொல்கிறது.

இது மதுரை ஆராய்ச்சிக்குக் குறை இல்லை. ஓர் ஆராய்ச்சி ஒரு கேள்விக்கு விடை சொல்லி, அடுத்த கேள்வியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறது. குழி விழுகிறதா என்று முதல் தலைமுறை குனிந்து பார்த்தது. ரோட்டோரச் சாக்கடையின் சேற்றை எடுத்து அதில் என்ன இருக்கிறது என்று அடுத்த தலைமுறை பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியவை சல்லடை, நுண்ணோக்கி, நிறையப் பொறுமை. இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிளாஸ்டிக் ரோட்டு வரலாறு மதுரையைச் சுற்றியே இருக்கிறது. எந்த வருஷம் எந்த ரோடு போட்டது என்ற விவரமும் இருக்கிறது. ஒரு எம்.ஈ. மாணவருக்கோ பி.எச்டி. மாணவருக்கோ இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்?

பரவை மார்க்கெட் வாசலில் அடுத்த தடவை கத்தரிக்காய் வாங்கும்போது மஞ்சள் பையை நீட்டுங்கள். மறந்து போய்க் கேரி பேக் வாங்கிவிட்டால், அதைக் காய்கறிக் குப்பையோடு சேர்க்காமல் காய வைத்துத் தனியாகப் போடுங்கள். ரோட்டுக்குப் போக வேண்டிய பைக்கும் கண்மாய்க்குப் போகிற பைக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது. மீதியை யாராவது ஒரு மாணவர் ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்துகொண்டிருப்பார். அவரைப் பார்த்தால் ஹாரன் அடிக்காமல் கொஞ்சம் ஒதுங்கிப் போங்கள்...